விழுந்தவரைத் தூக்கத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது

கேள்வி: திருப்பூருக்கு அருகே சாயப்பட்டறை நடத்துகிறேன். 45 பேர் வேலை செய்கிறார்கள்; பாதிக்கு மேல் ஒடிசா, பீகார்க்காரர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சி நடத்திக் கையெழுத்தும் வாங்குகிறோம். ஆனாலும் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் நிம்மதி இருப்பதில்லை. இவர்களுக்கு எதைக் கற்பிக்க வேண்டும்?

பதில்: உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. சாயமேற்ற நீங்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டும் கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்ஃபேட்தான். காற்றுப் படாமல் தேங்கிக் கிடக்கும் கசட்டில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தச் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றிவிடுகின்றன. காற்றைவிடக் கனமான இந்த வாயு அடியில் தங்கும். கசட்டை மண்வெட்டியால் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்ததும் சேர்ந்து கிளம்பும். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் காற்றின் பத்து லட்சம் பங்கில் வாயு ஏறத்தாழ 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். ‘நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம்’ என்று சொல்லும் அனுபவசாலி மேஸ்திரி எவரோ, அவரைத்தான் நான் பயிற்சியில் முதல் வரிசையில் உட்காரவைப்பேன்.

இத்தகைய விபத்துகள் பல நேரங்களில் முதலில் இறங்கியவரோடு முடிவதில்லை. அவர் சரிந்ததைப் பார்த்து இன்னொருவர் குதிப்பார். அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவார். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 1986ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. ஆகவே, விழுந்தவர் சொந்தத் தம்பியே ஆனாலும் உள்ளே இறங்காமல் வெளியிலிருந்தே இழுக்கும் பழக்கத்தை உண்டாக்குவதுதான் உங்கள் பயிற்சியின் மையமாக இருக்க வேண்டும். மனித இயல்புக்கு நேர் எதிரான இந்தப் பழக்கம் சொற்பொழிவு கேட்டு வராது, செய்து பார்த்துத்தான் வரும்.

அதனால் பயிற்சியை அலுவலக அறையில் நடத்தாமல் தொட்டியின் விளிம்பில், சுத்தம் செய்யும் நாளன்று காலையில், இந்தியிலோ ஒடியாவிலோ பேசத் தெரிந்த ஒரு தொழிலாளியைக் கொண்டு நடத்துங்கள். வாயு அளவிடும் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் இறக்கி அளக்க அவர்களையே பழக்குங்கள். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 10 பங்கை எட்டினாலோ, எரியும் வாயு இருப்பதாகக் கருவி ஒலித்தாலோ வேலை நிற்க வேண்டும். புளோயர் வைத்துக் காற்றை மாற்றிய பிறகு மீண்டும் அளக்க வேண்டும். துணி முகக்கவசம் தூசுக்கு உதவுமே தவிர வாயுவுக்கு உதவாது. வாயுவை வடிகட்டும் குப்பி பொருத்திய கவசமும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வீண்தான்.

பிறகு 60 கிலோ மணல் மூட்டைக்கு இடுப்புப் பட்டையும் கயிறும் மாட்டித் தொட்டிக்குள் இறக்கி, தொட்டியின் மேல் நிறுத்திய முக்காலியில் பொருத்திய கப்பி வழியாக, யாரும் உள்ளே இறங்காமல் மேலே இழுக்கச் சொல்லுங்கள். பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே சொல்லப்பட்டிருந்தது. ஆக்சிஜன் நின்றால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும் என்பதால், மூட்டை வெளியே வர ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். இழுப்பவர்கள் வேலையில் இருக்கும்போதே இன்னொருவர் 108க்கும் தீயணைப்புத் துறையின் 101க்கும் அழைக்கும் ஒத்திகையும் இதில் அடங்கும்.

ஆள் இறங்காமலேயே பம்பு கொண்டு கசட்டை உறிஞ்சி எடுக்க முடியுமானால் அதையே செய்யுங்கள். ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் ஆட்களும் இந்த ஒத்திகையைச் செய்யாமல் தொட்டியை நெருங்கக் கூடாது. உங்கள் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துக்கு அருகே இன்னொரு கட்டம் போட்டு, அன்றைக்கு மூட்டையை மேலே கொண்டுவர எத்தனை நிமிடம் ஆனது என்பதை எழுதிவையுங்கள்.