லேசரில் பிடித்த அணுக்களில் உருவானது இடவியல் நிலைதான் என்று எப்படி உறுதிசெய்கிறார்கள்?

இடவியல் நிலை என்பது தனி அணுவில் தெரியாமல், பல அணுக்களின் மொத்த அமைப்பில் மட்டும் வெளிப்படும் குவாண்டம் நிலை. அதை ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. காந்தத்தில் இருப்பதுபோல ஓரிடத்தில் அளந்து காணும் ஒழுங்கு இந்த நிலைக்கு இல்லை. ஒரு வளையம் நெடுகிலும் உள்ள அணுக்களைச் சேர்த்தே அளக்க வேண்டும், அதுவும் இரண்டு விதமாக. 2021-ல் ஹார்வர்டில் மிகைல் லூகின் குழு 219 ருபிடியம்-87 அணுக்களை வைத்துச் செய்த சோதனையைக் கொண்டு விளக்குகிறேன்.

ஓர் ஒளி இடுக்கியில் (அணுவைப் பிடித்துவைக்கும் குவிந்த லேசர் ஒளி) அணு சிக்க ஏறக்குறைய பாதி வாய்ப்புதான். அதனால் தேவைக்கு அதிகமான இடுக்கிகளை நிரப்பிப் படமெடுத்து, காலியிடங்களுக்கு நகரும் இடுக்கிகளால் அணுக்களைக் கொண்டுவருவார்கள். அணுக்கள் ககோமே வலையின் (முக்கோணங்கள் மூலையோடு மூலை தொட்டு அமையும் வலை) கோடுகளுக்கு நடுவில், சுமார் 4 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அமரும். 420, 1013 நானோமீட்டர் லேசர்கள் இரண்டும் சேர்ந்து அணுவை 70எஸ் ரிட்பெர்க் நிலைக்கு, அதாவது வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து வெகுதூரம் விலகிய உயர் ஆற்றல் நிலைக்கு, ஏற்றுகின்றன. ஏறிய அணு சுற்றியுள்ளவற்றை ஏறவிடாமல் தடுக்கும்.

அந்தத் தடையின் ஆரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அணு இடைவெளியை a என்று வைத்தால், ஒரே முனையில் சேரும் நான்கு கோடுகளில் எதிரெதிரே உள்ள அணுக்கள் 2a தூரத்தில் இருக்கும். அவற்றைத் தடுக்க வேண்டும். அடுத்த அயல் அணு 2.65a தூரத்தில், அதைத் தடுக்கக் கூடாது. ஆகவே 2.4a தேர்ந்தெடுத்தார்கள். ராபி அதிர்வெண்ணை (லேசர் அணுவை ஏற்றி இறக்கும் வேகத்தை) இரட்டிப்பாக்கினாலும் ஆரம் 11% மட்டுமே சுருங்கும் என்பதால், அணு இடைவெளியை முதலிலேயே சரியாக அமைத்துவிட வேண்டும்.

ஏறிய ஒவ்வோர் அணுவையும் வலையின் இரு முனைகளை இணைக்கும் ஒரு துண்டாக, அதாவது டைமராகக் கருதுங்கள். ஒவ்வொரு முனையையும் ஒரே ஒரு டைமர் தொட்டால், அணுக்களில் கால் பங்கு ஏறியிருக்கும். இது முதல் அறிகுறி மட்டுமே. தாறுமாறான டைமர் கலவையும் இதே எண்ணைத் தரும்.

முதல் அளவீட்டில், மூடிய வளையம் வெட்டும் டைமர்கள் ஒற்றையா (−1) இரட்டையா (+1) என்று பார்ப்பார்கள். அது உள்ளே அடைபட்ட முனைகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். டைமர் தொடாத முனை ஒன்று உள்ளே இருந்தால் குறி மாறிவிடும். இதையும் குவாண்டம் தன்மையற்ற கலவை தந்துவிடக்கூடும். எனவே இரண்டாவது அளவீடுதான் உண்மையான சான்று என்பேன்: பல டைமர் அமைப்புகள் ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றோடொன்று ஒத்திசைவாக மேற்பொருந்தியிருக்கின்றனவா என்பதை அது சோதிக்கிறது. கேமரா இதை நேரடியாகக் காணாது. அதனால் படமெடுக்கும் முன் லேசர் அலையின் கட்டத்தை (phase) 90 பாகை திருப்பி, தடை ஒரே முக்கோணத்துக்குள் மட்டும் எட்டுமாறு லேசர் வலிமையைக் கூட்டி, குறித்த நேரம் விட்டு, பிறகு எண்ணுவார்கள். மூடிய வளையம் இரண்டிலும் மதிப்புத் தர, திறந்த சரங்கள் (மூடாத வளையத் துண்டுகள்) இரண்டிலும் பூஜ்யத்தை நெருங்க வேண்டும்.

இங்கே சிக்கல் வாசிப்புப் பிழை. ரிட்பெர்க் அணு இடுக்கியிலிருந்து தொலைந்துவிடும் என்பதால் காலியிடத்தை "ஏறியது" என்று எண்ணுகிறார்கள். வேறு காரணத்தால் தொலைந்த அணுவும் அதில் சேர்ந்துவிடும். அணுவுக்கு 1% பிழை இருந்தால் 20 அணுக்களைத் தொடும் வளையத்தின் மதிப்பு மூன்றில் இரண்டாகக் குறையும். அதனால்தான் திறந்த சரத்தின் மதிப்பை மூடிய வளையத்தின் மதிப்பின் வர்க்கமூலத்தால் வகுத்து ஒப்பிடுகிறார்கள்.

இந்த நிலையைத் தயாரிக்க லேசர் அதிர்வெண்ணைப் படிப்படியாக நகர்த்துவார்கள். வேகமாக நகர்த்தினால் டைமரற்ற முனைகள் பெருகும். மிக மெதுவாக நகர்த்தினால் ஒத்திசைவு சிதையும். அதோடு, தடை ஆரத்துக்கு வெளியே நீளும் பலவீனமான விசை, டைமர்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட நிலைக்கே சாதகமானது. எனவே இதை அமைப்பின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலை என்று சொல்லாமல், நகர்த்தும் வேகத்தால் தயாரிக்கப்பட்ட நிலை என்று சொல்வதே சரி.