பட்டனை அழுத்தியதும் மரியோ குதிக்கவில்லையா?

கேள்வி: தொண்ணூறுகளில் கேசட் செருகி டிவி கேம் விளையாடியவன் நான். அந்த ஆசையில், பழைய கேம்கள் உள்ளேயே பதிந்து வரும் நின்டென்டோவின் சின்னப் பெட்டி, என்இஎஸ் கிளாசிக் மினியை வாங்கினேன். எல்இடி டிவியில் மரியோ சற்றுத் தாமதித்தே குதிக்கிறார். பெட்டியில் பழுதா? அண்ணன் மகளுக்கு, ‘620 கேம்’ என்று மலிவாக விற்கும் பெட்டியை வாங்கலாமா?

பதில்: பெட்டியில் பழுது இல்லை, தாமதம் டிவியில். இந்த கேம் நொடிக்கு 60 படங்களாக ஓடுகிறது. ஒரு படத்துக்கு ஏறத்தாழ 17 மில்லிசெகண்ட் (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிசெகண்ட்). பழைய பிக்சர் ட்யூப் டிவி சிக்னல் வந்த கையோடு திரையில் வரைந்துவிடும். இன்றைய டிவி படத்தை வாங்கி, கூர்மையாக்கி, நிறம் கூட்டி, அப்புறம்தான் காட்டும். அதில் 100 மில்லிசெகண்ட் போனால் ஆறு படம் பின்தங்கிவிடுகிறோம். பள்ளத்தின் விளிம்பில் சரியாக அழுத்தியும் மரியோ உள்ளே விழுவது இதனால்தான்.

மினி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவி செட்டிங்கில் பிக்சர் மோடை ‘கேம்’ என்று மாற்றுங்கள். பல டிவிகள் இதை ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைப்பதால், வேறு போர்ட்டில் மாற்றினால் பயன் இல்லை. நடுவில் சவுண்ட்பார் இருந்தால் அதைத் தவிர்த்து நேராக டிவியில் செருகுங்கள். மின்சாரத்துக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் போன் சார்ஜர் போதும். டிவியின் யுஎஸ்பியில் சில சமயம் அந்த அளவு கிடைக்காது. பெட்டி பாதியில் அணைந்துவிடும்.

படத்துக்கு மினியின் மெனுவில் மூன்று வகை உண்டு. மூலப் படம் 256×240 புள்ளிகள். ‘பிக்சல் பெர்ஃபெக்ட்’ வகையில் ஒவ்வொரு புள்ளியும் கச்சிதமான சதுரம், அதனால் படம் குறுகும். ‘4:3’ அகலத்தைச் சற்று இழுத்து, பழைய டிவியில் பார்த்த உடல்வாகைத் தரும். நீங்கள் அந்தக் காலத்து மரியோவைத் தேடுவதால் இதையே வையுங்கள். மூன்றாவது, ட்யூப் டிவியின் கிடைக்கோடுகளைப் போலியாகச் சேர்ப்பது.

கன்ட்ரோலர் கேபிள் 75 சென்டிமீட்டர்தான். எக்ஸ்டென்ஷன் வாங்குவதைவிட, நீளமான எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பெட்டியையே அருகில் வைப்பது நல்லது. காரணம், ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தப் பெட்டியிலுள்ள ரீசெட்டைத்தான் அழுத்த வேண்டும். மெனு வந்ததும் கீழ்நோக்கி அழுத்தி, அந்த நிலையை நான்கு இடங்களில் ஒன்றில் வையுங்கள். பழைய கேசட்டில் அப்பா டிவியை அணைத்தால் எல்லாம் போயிற்று. இந்த வசதி உண்மையிலேயே வரம்.

620 கேம் பெட்டி வேண்டாம். பெரும்பாலும் ஏவி வயரோடு வரும் நகல் இது. ஒரே கேம் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும், ‘9999 இன் 1’ கேசட்டில் பார்த்தோமே, அதே வித்தை. புது டிவியில் ஓட்ட, ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர் வைத்தால் தாமதமும் கூடலாம்.

உங்கள் மினியில் இருப்பது ஒரு கன்ட்ரோலர். 2017இல் வந்த, நின்டென்டோவின் இதே வகைப் பெட்டியான எஸ்என்இஎஸ் கிளாசிக்கில் 21 கேம், இரண்டு கன்ட்ரோலர், கேபிளும் நீளம். அண்ணன் மகளோடு சேர்ந்து ஆட அதுவே ஏற்றது. தயாரிப்பு நின்றுவிட்டதால் பழையதுதான் கிடைக்கும். வாங்குமுன் கேம் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். கன்ட்ரோலர் பிளக் ஒன்பது ஊசி கொண்டதாக இருந்தால் அது போலி.