ஓய்வுப் பணத்தில் பதிப்பகம்: முதல் புத்தகம் 1000 பிரதி அடிக்கலாமா?

வணக்கம் ஐயா. பணிக்கொடைப் பணத்தில் முதல் நூலையே 1000 பிரதி அடிக்கச் சொல்கிறார் அச்சகத்தார் என்கிறீர்கள். வேண்டாம். பிரதிக்கு விலை குறையும்தான். ஆனால் கட்டுகள் உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். டிஜிட்டல் அச்சில் 100 போடுங்கள், விற்றால் மறுபடி அடிக்கலாம். மிச்சப் பணத்தை மெய்ப்புத் திருத்துபவருக்குக் கொடுங்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) இலவசம், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இடைத்தரகருக்குக் காசு தராதீர்கள். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்.

விலை வைக்கும்போது கடைக்காரருக்கு விலையில் தர வேண்டிய கழிவை மறக்காதீர்கள், 35 சதவீதமாவது கேட்பார்கள். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். வந்தால் லாபம். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு முதல் வருடமே தனி அரங்கு எதற்கு? தெரிந்த பதிப்பாளரின் மேசையில் நாலு பிரதி வைக்கக் கேட்டுப் பாருங்கள்.