எங்கள் சோற்றுக் கோப்பையில் எத்தனை செடி?

கொக்குவிலிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கட வீட்டில் தினமும் சோறும் மீன்குழம்பும்தான். செடி என்று பார்த்தால் கீரை வறை மட்டும்தானே?

இல்லைத் தங்கச்சி, கோப்பையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சோறு நெல்லின் விதை. தேங்காய்ப்பாலும் விதையிலிருந்து வருவதுதான். மஞ்சள் கிழங்கு, கறிவேப்பிலை இலை, புளி பழத்தின் சதை. மல்லி, சீரகம், மிளகாய் எல்லாம் சேர்ந்தால்தான் கறித்தூள். அந்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கேயரோடு கடல் தாண்டி வந்தது. மிஞ்சுவது மீன் ஒன்றுதான். அதன் இரையும் கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியில்தான் தொடங்குகிறது.

சாவகச்சேரித் தம்பி: ஒடியல் கூழ் காய்ச்சினேன், ஒரே கசப்பு. மா பழுதா?

மா பழுதில்லைத் தம்பி, ஊறவிட்டது போதாது. பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காததில் கசப்பு அப்படியே நிற்கும். அதனால் ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து அசையாமல் வையுங்கள். மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு இன்னும் இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்யுங்கள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்புப் போனபிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் அதில் வெந்து, புளி கரைத்துவிட்டு இறக்கிப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தால் அதற்கு ஈடு எனக்குத் தெரிய எதுவும் இல்லை.

நல்லூரிலிருந்து ஒரு அக்கா: முருங்கையிலை வறையில் ஏன் தேசிக்காய் (எலுமிச்சை) விடுகிறார்கள்?

ருசிக்கு மட்டும் இல்லை அக்கா. இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுக்காது, தேசிக்காயின் உயிர்ச்சத்து சி அதற்குக் கைகொடுக்கும். சூட்டில் அது குறையும் என்பதால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்க வேண்டாம், அது இரும்பைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

இன்னொருவர்: வெள்ளிக்கிழமை சைவம். புரதம் காணுமா?

காணும். சோற்றோடு பருப்போ பயறோ இருக்கட்டும். அரிசியில் குறைவதைப் பருப்பு நிரப்பும், பருப்பில் குறைவதை அரிசி நிரப்பும்.

சுன்னாகத் தம்பி: வளவில் முருங்கை நடலாமா?

தாராளமாக நடலாம். முற்றிய கிளையில் இரண்டு முழத் தடி வெட்டி, ஐப்பசி மழைக்கு முன் தண்ணீர் தேங்காத மேட்டில் ஊன்றுங்கள். துளிர்க்கும் வரை அதிகம் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அடி அழுகிவிடும்.