ஊசிக்காகத் தேயிலையை விற்க வேண்டாம்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு படுகர் கிராமத்தில் வசிக்கிறோம். மகனுக்கு இரண்டே முக்கால் வயது. ஒன்றரை வயதில் சொன்ன நான்கைந்து சொற்களையும் இப்போது சொல்வதில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. பாத்திர மூடியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். கம்பளிக் குல்லாய் மாட்டினால் அலறுகிறான். ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். ஒரு ஏக்கர் தேயிலையை விற்று ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். வீட்டில் எங்கள் படுகு மொழி பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறது விளையாட்டுப் பள்ளி. பயிற்சிக்கு வாரந்தோறும் கோவைக்குப் போக வேண்டும் என்றால் மலைப்பாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் தேயிலை நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே தெரிவித்துவிட்டது. மூளை வளரும் விதத்திலேயே அமைந்த வேறுபாட்டை ஊசி போட்டு அகற்றிவிடலாம் என்று சொல்பவர், உங்கள் தவிப்பை விலை பேசுகிறார்.

உங்கள் மாமியார் சொல்வது முழுக்கத் தவறன்று. தாமதமாகப் பேசும் குழந்தைகள் உண்டு. ஆனால் அவர்கள் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவார்கள், அழைத்தால் திரும்புவார்கள். வந்த சொற்கள் மறைந்துபோன குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. காது நன்றாகக் கேட்கிறதா என்பதைச் செவித்திறன் பரிசோதனையில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஊட்டி அரசு மருத்துவமனையில், பிறந்தது முதல் 18 வயது வரையிலானோருக்காக மாவட்டந்தோறும் ஏற்படுத்தப்பட்டுள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். போகும்போது, அழைத்தும் அவன் திரும்பாதது, மூடியைச் சுழற்றுவது, சாப்பிடுவது ஆகியவற்றைக் கைபேசியில் ஓரிரு நிமிடக் காட்சிகளாக எடுத்துச் செல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்து வரும் குழந்தை, மருத்துவர் முன் தன் இயல்பைக் காட்டுவதில்லை.

வாரந்தோறும் கோவைக்குப் போனால்தான் பயிற்சி என்று நினைத்து நீங்கள் மலைத்துப்போயிருப்பது கடிதத்தில் தெரிகிறது. மலையிறங்கிப் போய்ப் பெறும் முக்கால் மணி நேரப் பயிற்சியைவிட, வீட்டில் நாள் முழுவதும் சிறிது சிறிதாக நடப்பதற்கே நான் அதிக மதிப்பளிப்பேன். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறப்பு நிபுணர் அல்லாத பணியாளர்கள் பெற்றோருக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பேசப் பழகியதும், குழந்தைகள் தாமாகவே தொடர்புகொள்ள முயல்வது கூடியது. ஆகவே பேச்சுப் பயிற்சியாளரிடம் மாதம் ஒரு முறை போக முடிந்தாலும், "வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும், செய்து காட்டுங்கள்" என்று கேட்டு வாங்கி வாருங்கள்.

அவன் மூடியைப் பிடுங்காமல், எதிரே தரையில் உட்கார்ந்து நீங்களும் ஒரு மூடியைச் சுழற்றுங்கள். அது நின்றதும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, மீண்டும் சுழற்றும் முன் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அவன் உங்களைப் பார்த்தாலோ கையை இழுத்தாலோ, அதுவே அவன் கேட்டது என்று கொண்டு உடனே சுழற்றுங்கள். தின்ன வர்க்கி கொடுக்கும்போதும் முழுதாகத் தராமல் சிறு துண்டாகத் தந்து, அடுத்த துண்டுக்கு இதே போலக் காத்திருங்கள். சொல்லைச் சொன்னால்தான் தருவேன் என்று மிரட்டுவது மட்டும் வேண்டாம். இந்த விளையாட்டை மாமியாரிடமே ஒப்படைக்கலாம்; வாதாடுவதைவிட அது பயன் தரும், அவரிடம் பொறுமையும் கூடுதலாக இருக்கும்.

குல்லாய்க்கு அலறுவது பிடிவாதமன்று. கம்பளி உரசுவது சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திக் குல்லாயை உள்ளே போட்டுப் பாருங்கள், சட்டைகளின் உட்புறத் துணிச்சீட்டையும் வெட்டிவிடுங்கள்.

படுகு மொழியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசமுள்ள குழந்தையின் பேச்சு கெடுவதில்லை. பாட்டி சரளமாகப் பேசும் மொழி அவனைச் சுற்றி ஒலிப்பது அவனுக்குத் தேவை.

ஆட்டிசம் என்று உறுதியானால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சான்றிதழ் இருந்தால், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவு உட்பட, கோரலாம்.