ரப்பர் விளையைக் காட்டுக்கு எழுதிவைக்கலாமா?

கேள்வி: நான் 67 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமணமாகவில்லை, கிறிஸ்தவக் குடும்பம். பேச்சிப்பாறை மலைக்காடுகளைப் பார்த்து வளர்ந்தவள். பென்ஷனிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகையைக் காடு காக்கும் பணிக்குக் கொடுக்கவும், என் காலத்துக்குப் பின் 40 சென்ட் ரப்பர் விளையை (தோட்டத்தை) அதற்கே எழுதிவைக்கவும் விரும்புகிறேன். தம்பி மகன் இருப்பதால், இறப்பதற்கு ஓராண்டு முன்பே எழுதாவிட்டால் உயில் செல்லாது என்கிறார் பத்திரம் எழுதுபவர். உண்மையா?
– வாசகி, குலசேகரம்

பதில்: ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. உடன்பிறந்தார் பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர் அறப்பணிக்குச் சொத்து எழுதினால், அந்த உயில் அவர் இறப்பதற்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன் எழுதப்பட்டு, எழுதிய 6 மாதங்களுக்குள் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 118-ஆம் பிரிவில் கூறியது. இந்துக்களுக்கு இல்லாத இந்தத் தடை கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்தியது. ஜான் வள்ளமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் அப்பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கிவிட்டது. செத்துப்போன பிரிவுக்கு இன்னமும் சிலர் பயந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம்.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், பின்னாளில் எழக்கூடிய சச்சரவைக் கருதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே நல்லது. தம்பி மகனுக்கும் ஏதேனும் எழுதுவதாக இருந்தால், அவரையோ அவர் மனைவியையோ சாட்சியாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், உயில் நிற்கும், அவருக்கு எழுதியது மட்டும் செல்லாமல் போகும்.

இப்போதே தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று யாரேனும் சொன்னால் இணங்க வேண்டாம். தானம் கொடுத்ததை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம்; மருத்துவச் செலவு வந்தால் விளை உங்கள் கையிலேயே இருக்கும்.

விளையைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். நான்கு புறமும் பிறருடைய ரப்பர் நிற்க, நடுவில் 40 சென்டை மட்டும் காடாக்குவது பெரும்பாலும் நடக்காது. பால் வெட்ட ஆள் தேடுவதும், எல்லைக்கல்லைக் காப்பதும், தீர்வை கட்டுவதும் பெறுகிற அமைப்பின் தலையில் விழும். ஆகவே, விளையை விற்று, வரும் தொகையை இன்ன அமைப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதி, அதை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரை நியமியுங்கள். அமைப்பின் முழுப் பெயரும் பதிவெண்ணும் இருக்கட்டும்; அது கலைந்துபோயிருந்தால் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாதத் தொகையை நான் உயிலைவிட உயர்வாக மதிக்கிறேன். நம் குமரி மாவட்டக் காடுகளையும் சேர்த்து 2022-இல் அறிவிக்கப்பட்ட அகத்தியர்மலை யானைகள் காப்பகத்தின் பரப்பு 1,197 சதுர கிலோமீட்டர். இத்தகைய இடத்தில் காட்டுக்குள் நடந்து கணக்கெடுப்பவருக்குச் சம்பளம் மாதந்தோறும் வேண்டும். எப்போதோ வரப்போகும் பெருந்தொகையை நம்பி எவரையும் வேலைக்கு வைக்க முடியாது. வங்கி வழியாகவே செலுத்துங்கள். நன்கொடைக்கான வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. உயில் வழியாகச் சேரும் தொகைக்கு உங்கள் கணக்கில் சலுகை எதுவும் வராது.

தம்பி மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வழக்கு பெரும்பாலும் உயிலால் வருவதில்லை, அதை முதன்முதலாக அடக்கம் முடிந்த மறுநாள் கேள்விப்படுவதால் வருகிறது.