டிடில ஸ்கிப் எதுக்கு, சீக் எதுக்கு: இமேஜ் ஏன் சுருங்குச்சு?

கேள்வி: மெமரி கார்டு ஒன்ன முழுசா 4 ஜிபி இமேஜ் ஃபைலா எடுத்து வச்சிருக்கேன். எஃப்டிஸ்க்ல (பார்டிஷன் பட்டியல் காட்டுற கமாண்ட்) பார்த்தா ரெண்டாவது பார்டிஷன் 206848வது செக்டார்ல ஆரம்பிக்குது, நீளம் 409600 செக்டார், அதுக்கு அப்புறம் மூணாவது பார்டிஷன் இருக்கு. ரெண்டாவத மட்டும் டிடி கமாண்ட் (ஃபைலையோ டிஸ்க்கையோ அப்படியே பிளாக் பிளாக்கா காப்பி பண்றது) வச்சு தனியா உருவி, எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டம் பிழைய சரி பண்றது) ஓட்டி சரி பண்ணிட்டு டிடி வச்சே அதே இடத்துல திரும்ப எழுதினேன். எரர் எதுவும் வரல, ஆனா இமேஜ் 301 எம்பியா சுருங்கிடுச்சு. ஸ்கிப்பையும் சீக்கையும் மாத்தி போட்டுட்டேனா?

பதில்: இல்லங்க, மாத்தி போடல, சரியாத்தான் போட்டிருக்கீங்க, அந்த 301ங்கற நம்பரே அத சொல்லிடுது. ஒரு செக்டார் 512 பைட், அப்போ 206848 செக்டார்னா சரியா 101 எம்பி, 409600 செக்டார்னா 200 எம்பி, ரெண்டையும் கூட்டினா 301. அதாவது நீங்க எழுத வேண்டிய இடத்துல கரெக்டா எழுதி முடிச்சிருக்கீங்க, அதுக்கு பின்னாடி இருந்தத டிடி வெட்டி விட்டுடுச்சு. விட்டுப்போனது ஒரே ஒரு ஆப்ஷன், கான்வ்=நோட்ரங்க், அதாவது ஃபைல வெட்டாதேன்னு சொல்றது.

டிடி எழுதப்போற ஃபைல் ஏற்கனவே இருந்தா, சீக் போட்ட இடம் வரைக்கும் உள்ளத தொடாம வச்சுக்கிட்டு, அந்த இடத்துலயே ஃபைல முதல்ல துண்டிச்சிடும், அப்புறம்தான் எழுதவே ஆரம்பிக்கும். எரர் வராததுக்கும் இதுதான் காரணம், ஏன்னா அதோட வழக்கமான வேலையே இதுதான். நிறைய பேர் இதுல மாட்டுறதுக்கு ஒரு காரணம் இருக்கு: கார்டு, ஹார்ட் டிஸ்க் மாதிரி டிவைஸ்ல நேரா எழுதும்போது இது நடக்காது, டிவைஸோட அளவ யாரும் வெட்ட முடியாது இல்லையா. ஆல்வின்னர் சிப் உள்ள போர்டுக்கு பூட்லோடர் (போர்டு ஆன் ஆனதும் முதல்ல ஓடுற புரோகிராம்) எழுத பிஎஸ்=1024 சீக்=8னு, அதாவது 8 கேபி தள்ளி எழுதுன்னு, ஒரு கமாண்ட் எல்லா இடத்துலயும் சுத்திக்கிட்டு இருக்கும், அத கார்டுல அடிச்சா ஒரு குறையும் வராது, அதே கமாண்ட இமேஜ் ஃபைல் மேல அடிச்சா முதல் 8 கேபியும் பூட்லோடரும் மட்டும் மிஞ்சும், பின்னாடி இருக்குற பார்டிஷன் எல்லாம் போயிடும். அதனால ஃபைலுக்குள்ள எழுதுறப்ப நோட்ரங்க்க கட்டாயமா சேர்த்துடுங்க, டிவைஸா இருந்தாலும் சேர்த்தா ஒரு கெடுதலும் இல்ல.

இப்போ ஸ்கிப், சீக். ஸ்கிப்ங்கறது படிக்கிற பக்கம், ஐஎஃப்ல குடுத்த ஃபைல்ல எவ்வளவு தள்ளி படிக்க ஆரம்பிக்கணும்னு சொல்றது. சீக் எழுதுற பக்கம், ஓஎஃப்ல எவ்வளவு தள்ளி எழுதணும்னு சொல்றது. கவுண்ட், எத்தன பிளாக் படிக்கணும்ங்கறது. இந்த மூணுமே பைட் கணக்கு இல்ல, பிளாக் கணக்கு, பிளாக் எவ்வளவு பெருசுன்னு பிஎஸ்தான் சொல்லும், நீங்க ஒண்ணும் சொல்லலன்னா 512. உருவுறதுக்கு இப்படி:

டிடி ஐஎஃப்=கார்டு.ஐஎம்ஜி ஓஎஃப்=பார்ட்2.ஐஎம்ஜி பிஎஸ்=1எம் ஸ்கிப்=101 கவுண்ட்=200

சரி பண்ணின பிறகு திரும்ப எழுத:

டிடி ஐஎஃப்=பார்ட்2.ஐஎம்ஜி ஓஎஃப்=கார்டு.ஐஎம்ஜி பிஎஸ்=1எம் சீக்=101 கான்வ்=நோட்ரங்க்

எழுதுறதுக்கு முன்னாடி பார்ட்2 ஃபைலோட அளவு 209715200 பைட்தானான்னு ஒரு தடவ பார்த்துக்கோங்க, அது ஏதாவது காரணத்தால பெருசாகியிருந்தா மூணாவது பார்டிஷனோட தலை மேல போய் எழுதிடும், டிடி கேள்வி கேக்காது.

எஃப்டிஸ்க் காட்டுற நம்பர அப்படியே போடணும்னா பிஎஸ்=512 வச்சு ஸ்கிப்=206848 கவுண்ட்=409600னு போடலாம், தப்பில்ல, கொஞ்சம் மெதுவா போகும் அவ்வளவுதான். ஆபத்து எங்கன்னா, வேகமா போகட்டும்னு பிஎஸ்ஸ மட்டும் 1எம்னு மாத்திட்டு 206848அ அப்படியே விட்டுடுறது. அது 202 ஜிபி தள்ளிப் போகச் சொல்றது. ஸ்கிப்ல இப்படி பண்ணினா 4 ஜிபி ஃபைல்ல அவ்வளவு தூரம் இல்லங்கறதால டிடி முணுமுணுத்துட்டு ஒண்ணும் படிக்காம நின்னுடும், பரவால்ல. சீக்ல பண்ணினா முணுமுணுப்பு கூட வராது, ஃபைல் சிஸ்டம் அனுமதிச்சா அந்த 202 ஜிபி தாண்டி எழுதிட்டு நடுவுல வெறும் ஓட்டையா விட்டுடும், எல்எஸ்ல பார்த்தா 200 ஜிபிக்கு மேல காட்டும், டியூல பார்த்தா உண்மையில டிஸ்க்ல பிடிச்ச இடம் மட்டும் தெரியும். இன்னொண்ணு, 1எம் வேற 1எம்பி வேற, குனு டிடில 1எம்னா 1048576 பைட், 1எம்பின்னா சரியா பத்து லட்சம் பைட், இங்க மாத்தி போட்டா எல்லாமே இடம் தப்பி விழும்.

ஐபிஎஸ், ஓபிஎஸ்னு படிக்க ஒரு அளவு எழுத ஒரு அளவுன்னு தனித்தனியா குடுத்தா ஸ்கிப்பும் கவுண்ட்டும் ஐபிஎஸ்ஸால பெருக்கப்படும், சீக் ஓபிஎஸ்ஸால. அவசியம் இல்லன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, பிஎஸ் ஒண்ணு போதும்.

ஆரம்ப இடம் எம்பில சரியா வகுபடலன்னா சிலர் பிஎஸ்=1 வச்சு பைட் பைட்டா எண்ணுவாங்க, ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு ரீட் ஒரு ரைட்னு கர்னல போய் தட்டுறதால 200 எம்பிக்கே ரொம்ப நேரம் இழுக்கும். குனு டிடி வர்ற கோர்யூட்டில்ஸ் தொகுப்போட 8.16ல இருந்தே ஐஃப்ளாக்=ஸ்கிப்_பைட்ஸ், ஓஃப்ளாக்=சீக்_பைட்ஸ் இருக்கு, பிஎஸ்ஸ பெருசா வச்சுக்கிட்டே நம்பர பைட்ல குடுக்கலாம். 2022ல வந்த 9.1ல இருந்து நம்பருக்கு பின்னாடி ஒரு பெரிய பி போட்டாலே போதும், ஸ்கிப்=105906176பி மாதிரி. அதே வெர்ஷன்லதான் ஸ்கிப்புக்கு ஐசீக், சீக்குக்கு ஓசீக்னு மாற்றுப் பேரும் வந்துச்சு, எது எந்தப் பக்கம்னு குழம்புறவங்க அதையே பழகிக்கோங்கன்னுதான் நான் சொல்வேன்.

ஜிசிப் பண்ணின இமேஜ விரிச்சு பைப் வழியா டிடிக்கு அனுப்பி ஸ்கிப் போடுறீங்கன்னா ஐஃப்ளாக்=ஃபுல்பிளாக் சேர்க்கணும், பைப்ல ஒரு ரீட்டுக்கு முழு 1 எம்பி வராது, அரைகுறையா வந்ததையும் டிடி ஒரு பிளாக்னு எண்ணிடும், அப்போ 101 எம்பி தாண்டாம முன்னாடியே படிக்க ஆரம்பிச்சிடும்.

உங்க இமேஜ்ல வெட்டுப்பட்ட பகுதிய அந்த ஃபைல்ல இருந்து மீட்க முடியும்னு நம்பாதீங்க. ஆனா ஒரிஜினல் கார்டு கையில இருந்து, இமேஜ் எடுத்த பிறகு அதுல எதுவும் எழுதலன்னா கவலையே வேணாம், முழுசா திரும்ப எடுக்கணும்னு கூட இல்ல, 301க்கு அப்புறம் உள்ளத மட்டும் கொண்டு வந்தா போதும், இங்க ரெண்டு பக்கமும் ஒரே தூரம் நகரணும்:

டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்டிபி ஓஎஃப்=கார்டு.ஐஎம்ஜி பிஎஸ்=1எம் ஸ்கிப்=301 சீக்=301 கான்வ்=நோட்ரங்க்

எஸ்டிபிங்கற எடத்துல உங்க கார்டோட பேர் வரணும், எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் பட்டியல் காட்டுற கமாண்ட்) அடிச்சு பார்த்துட்டு போடுங்க, கார்டு எங்கயும் மவுண்ட் ஆகாம இருக்கட்டும். முடிஞ்சதும் ரெண்டாவது பார்டிஷன் சரியான இடத்துல உக்காந்திருக்கான்னு சிஎம்பி (ரெண்டு ஃபைல ஒப்பிடுற கமாண்ட்) வச்சு பார்த்துடுங்க:

சிஎம்பி -ஐ 105906176:0 -என் 209715200 கார்டு.ஐஎம்ஜி பார்ட்2.ஐஎம்ஜி

இது ஒண்ணுமே சொல்லாம முடிஞ்சா ரெண்டும் பைட்டுக்கு பைட் ஒண்ணுதான்.